சின்னவள் துணி மடிக்கும்போது சொன்னது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கண்ணெதிரே ஒருத்தி சந்தோஷமாக இருந்தாள். அது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் இந்தக் கதை எழுதப்படுகிறது. இதற்கு வேறு உயர்ந்த நோக்கம் ஏதாவது இருக்கும் என்று தேட வேண்டாம்.

சந்தோஷமாக இருந்தவள் என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனின் மனைவி. அண்ணனும் தம்பியும் பிரிய மனமில்லாமல் ஒரே ஃபிளாட்டில் இருக்கிறார்கள். அவர்களுடைய பாசத்துக்காக நாங்கள் இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சமைக்கிறோம். வீட்டில் எனக்குப் பெரியவள் என்று பெயர், அவளுக்குச் சின்னவள். மாமியார் வைத்த பெயர்கள். கதைக்கும் அவையே போதும்.

சின்னவள் கட்டட வேலை நடக்கிற ஓர் இடத்தில் ஸ்டோரில் இருக்கிறாள். காலையில் வருகிறவர்களுக்கு ஹெல்மெட், கையுறை, இடுப்பு பெல்ட் எடுத்துக் கொடுத்து, மாலையில் திரும்ப வாங்கி வைப்பது அவள் வேலை. அப்படிப்பட்டவளுக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. அந்த இடத்தின் நடுவில் நிற்கிற டவர் கிரேனின் உச்சியில், கண்ணாடிக் கேபினுக்குள் உட்கார்ந்து, அதை ஓட்ட வேண்டுமாம். கம்பெனி வருஷத்துக்கு ஒருவரைத்தான் பயிற்சிக்கு எடுக்கும். செய்முறைத் தேர்வைத் தாண்டி இந்த வருஷம் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். ஒருவன் அங்கே ஃபிட்டராக இருப்பவரின் மகன். இன்னொருத்தி எங்கள் சின்னவள். இன்றைக்கு இன்டர்வியூ.

இப்போது காலை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சட்டை தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்குள் நான் இந்தக் கதையை முடித்தாக வேண்டும். ஏன் என்பது போகப்போகத் தெரியும். தெரிந்தபின் உங்களுக்கு என்னைப் பிடிக்காமல் போகும். பரவாயில்லை.

2

எப்படித் தொடங்கலாம் என்று சில வழிகள் பார்த்தேன். அடித்ததை மறைக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

“சிறு வயதிலிருந்தே அவளுக்கு வானத்தைத் தொட வேண்டும் என்று ஆசை.”

பொய். சிறு வயதில் அவளுக்கு இருந்த பெரிய ஆசை வகுப்பில் ஜன்னலோரம் உட்காருவது. அவளே சொல்லியிருக்கிறாள். கிரேன் ஆசை வந்தது போன வருஷம். ஆபரேட்டர் தண்ணீர் பாட்டிலைக் கீழேயே மறந்துவிட்டு ஏறிவிட்டார், யாருக்கும் கையொழியவில்லை, இவள் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினாள். பாதி வழியில் பயந்து அழுதாளாம். அழுதுகொண்டே மீதியையும் ஏறினாளாம். அடித்துவிட்டேன்.

“ஏணியின் கடைசிப் படியில் அவள் கால் வழுக்கியது. கீழே நின்றவர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள்”

கதையின் இரண்டாவது வாக்கியத்திலேயே அவளைத் தள்ளிவிட்டேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அதையும் அடித்தேன்.

“பெண்களால் முடியாதது எதுவும் இல்லை.”

இது மேடைப் பேச்சு. யாராவது சால்வையோடு வந்து நின்றுவிடுவார்கள்.

“பொறாமை என்பது”

(‘என்பது’ போட்டுத் தொடங்கிய எந்த வாக்கியத்தையும் நான் உருப்படியாக முடித்ததில்லை. பொறாமையைப் பற்றி நம் ஆட்கள் ஏற்கெனவே சரியாகச் சொல்லிவிட்டார்கள்: அடுத்த வீட்டுக்காரி பிள்ளை பெற்றாள் என்று இவள் அம்மிக்குழவியை எடுத்து வயிற்றில் இடித்துக்கொண்டாளாம். எனக்கு அடுத்த வீடுகூட இல்லை, அடுத்த அறை.)

3

நானும் கனவு இல்லாதவள் இல்லை. சொல்லப்போனால், இந்த வீட்டில் கனவு இலாகா என்னுடையதுதான்.

நான் ஒரு மெத்தைக் கம்பெனிக்கு விளம்பர வாசகம் எழுதுகிறேன். கனவு என்ற சொல்லை என்னைப்போல வாரம் முழுவதும் புழங்குகிறவர்கள் குறைவு. ‘உங்கள் கனவுகளுக்கு ஒரு நல்ல இடம்.’ நான் எழுதியது. அதைப் படித்துவிட்டு யாராவது மெத்தை வாங்கினார்களா என்று தெரியாது. ஆனால் என் சொந்தக் கனவு வேறு. ஒரு நாவல் எழுத வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதிலேயே இதை எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சொன்னதற்குக் கைமேல் பலன் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த அறை என்னுடையது. கதவைச் சாத்திக்கொள்ளலாம். துணி துவைக்க வர வேண்டியதில்லை. டி.வி. சத்தத்தைக் குறைப்பார்கள். விருந்தாளிகள் வந்தால் மாமியார் ரகசியம் போலச் சொல்வார்: “பெரியவ எழுதிட்டு இருக்கா.”

மனிதனுக்குக் கனவு எதற்கு என்று கேட்டால், அது நம்மை உயர்த்தும், ஓட வைக்கும், தட்டி எழுப்பும் என்றெல்லாம் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் கனவு ஒரு நல்ல சாய்வு நாற்காலி. உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்கத் தோன்றாது. ஆபீசில் பதவி உயர்வு வராவிட்டால், நமக்கு இதுவா முக்கியம் என்று நினைத்துக்கொள்ளலாம். சொந்தக்காரர்கள் வீடு கட்டினால், பாவம், அவர்களுக்கு அதற்குமேல் யோசிக்கத் தெரியாது என்று மன்னிக்கலாம். ஒரு வரி நாவல் எழுதாமலேயே நாவலாசிரியையின் வாழ்க்கையை நான் வாழ்ந்துகொண்டிருந்தேன். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்பார்கள். நான் தாசில்தார் நாற்காலியில் உட்கார்ந்தே கழுதை மேய்த்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அப்போதுதான் ஹாலில் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை. டக், டக் என்று இரும்பு மரத்தில் மோதுகிற சத்தம். கதவை லேசாகத் திறந்து பார்த்தேன்.

சின்னவள் தரை துடைக்கிற மாப்பின் கழியை இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் பிடித்திருந்தாள். கழியின் நுனியில் ஒரு நூல், நூலின் முனையில் எங்கள் பழைய பூட்டு. ஹாலில் நாற்காலிகளைக் கோணல்மாணலாகப் போட்டிருந்தாள். அவற்றுக்கு நடுவே பூட்டு எதிலும் இடிக்காமல் நடந்துபோய், தரையில் வைத்த ஒரு காபிக் கப்புக்கு நேர்மேலே அதை ஆடாமல் நிறுத்த வேண்டும். கிரேனில் சுமை தொங்கும்போது ஆடுமாம். ஆட்டத்தை அடக்குவதுதான் வித்தையாம்.

“எதிர்ப்பக்கம் இழுத்தா இன்னும் ஆடும்க்கா,” என்றாள், என்னைப் பார்த்துவிட்டு. “அது போற பக்கமே கொஞ்சம் போகணும். அப்பதான் அடங்கும்.”

(இதை வைத்து வாழ்க்கையைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். பூட்டு பூட்டாகவே இருக்கட்டும்.)

அவள் முகத்தைத்தான் நான் பார்த்தேன். நாக்கின் நுனி உதட்டோரம் வெளியே எட்டிப் பார்க்க, கண் பூட்டைவிட்டு நகராமல், யார் பார்க்கிறார்கள், எப்படி இருக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் நின்றாள். கப்பின்மேல் பூட்டு நின்றது. உடனே சிரித்தாள். என்னைப் பார்த்தல்ல, பூட்டைப் பார்த்து. எனக்கு வயிறு எரிந்தது. பேச்சுக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே எரிந்தது. நான் இந்த அறைக்குள் எவ்வளவோ ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாளாவது காகிதத்தைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை.

முதலில் வீட்டில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமியார் சோபாவில் உட்கார்ந்தபடி, “கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவ வானம் ஏறி வைகுண்டம் போறாளாம்,” என்றார். நான் தேவைக்கு அதிகமாகவே சிரித்தேன். ஆனால் சில வாரம் போனதும், பூட்டு தன் பக்கம் வந்தபோது அதே மாமியார் தானாகவே காலைத் தூக்கிக்கொண்டார். “இடிச்சிடாதடி, மெதுவா, மெதுவா,” என்றார். இந்த வீட்டில் என் கனவுக்காக அவர் டி.வி.யைக் குறைத்திருக்கிறார். காலைத் தூக்கியதில்லை.

இதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர், “அவளப் பாத்தா எனக்கே ஏதாவது கத்துக்கணும்போல இருக்கு,” என்றார்.

“என்ன கத்துக்கப் போறீங்க?”

“தெரியல. ஏதாவது. நீச்சல் மாதிரி.”

என் சாத்திய கதவை இத்தனை வருஷம் பார்த்த மனிதர். அந்தக் கதவைப் பார்த்து அவருக்கு எதுவும் தோன்றவில்லை. மாப்புக் கழியைப் பார்த்து நீச்சல் தோன்றுகிறது.

கனவைப் பற்றி எனக்கு ஒன்று புரிந்தது அன்றைக்குத்தான். எல்லோரிடமும் ஏதோ ஒன்று இருக்கிறது என்பதெல்லாம் சரி. ஆனால் சிலரிடம் இருப்பது பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தொற்றுகிறது, சிலருடையது கதவைச் சாத்திக்கொள்ள மட்டும் பயன்படுகிறது. அவளுடையது எந்த வகை, என்னுடையது எந்த வகை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

5

இப்போது கதையின் முக்கியமான இடம். மெதுவாகப் படியுங்கள். நான் அவசரத்தில் எழுதுகிறேன், நீங்களாவது நிதானமாக இருங்கள்.

ஒரு மதியம். மாடியில் காய்ந்த துணிகளை எடுத்து வந்து கட்டிலில் கொட்டியிருந்தோம். பெரிய படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அவள் இரண்டு முனை, நான் இரண்டு முனை. நான்தான் கேட்டேன். குத்தலாகத்தான் கேட்டேன்.

“ஏன்டி, கீழ நிழல்ல உக்காந்து ஹெல்மெட் எடுத்துக் குடுக்கற வேலை. எதுக்கு உனக்கு அவ்ளோ உசரத்துல போய் உக்காரணும்?”

அவள் விரிப்பை உதறினாள். இரண்டு முனையையும் ஒன்றாகச் சேர்த்தாள். என்னைப் பார்த்து நடந்து வந்து அவற்றை என் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது ஒரு பதில் சொன்னாள். ஒரே வாக்கியம். சின்ன வாக்கியம். சாதாரணச் சொற்கள், ஒன்றுகூட அகராதியில் தேட வேண்டியதில்லை. சொல்லிவிட்டு, கீழே தொங்கிய மடிப்பை எடுக்கக் குனிந்துவிட்டாள்.

என் கையிலிருந்து விரிப்பு நழுவியது.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தேடிக்கொண்டிருந்தது அந்த வாக்கியத்தைத்தான். ஒரு மனுஷிக்கு ஏன் ஒன்று வேண்டியிருக்கிறது என்பதை இதைவிடச் சரியாக நான் கேட்டதில்லை, படித்ததுமில்லை. அதற்குள் அவளுடைய ஏணி இருந்தது, எங்கள் வீட்டு ஹால் இருந்தது, என் சாத்திய கதவுகூட இருந்ததுபோலத் தோன்றியது. அதை அவள் யோசிக்காமல், துணி மடித்துக்கொண்டே, எனக்குச் சும்மா கொடுத்துவிட்டாள்.

“என்னக்கா, பிடிங்க,” என்றாள்.

பிடித்தேன். வேலை முடிந்ததும் இந்த அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அந்த வாக்கியத்தை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அப்போதே முடிவாகிவிட்டது: இதற்கு முன்னால் ஒரு கதையைக் கட்டிவிட வேண்டும், கடைசி வரியாக இதை வைத்துவிட வேண்டும். அதனால்தான் உங்களிடம் இப்போது சொல்லவில்லை. இந்தக் கதையின் கடைசி வரி அதுதான். பொறுமையாக இருங்கள்.

(குறிப்பு: மற்றவர்கள் பேசுவதை எழுத்தாளர்கள் எடுத்துக்கொள்வது வழக்கம்தானே, இதில் என்ன திருட்டு என்று கேட்கலாம். சரியான கேள்வி. அடுத்த பகுதியைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.)

6

செய்முறைத் தேர்வில் தேறியபின் சின்னவள் என்னிடம் வந்தாள். கதவைத் தட்டி, நான் “வா” என்ற பிறகும் வாசலிலேயே நின்றாள். என் எழுத்து அறைக்கு அவ்வளவு மரியாதை.

“இன்டர்வியூல ரெண்டு பேர் இருப்பாங்களாம்க்கா. பழைய ஆபரேட்டர் ஒருத்தர், ஆபீஸ்லேர்ந்து ஒரு மேடம். அந்த மேடம் கேக்கறது ஒரே கேள்விதானாம். உனக்கு ஏன் இது வேணும். அவ்ளோதான்.”

“சொல்ல வேண்டியதுதானே.”

“எனக்குக் கோர்வையா வராதேக்கா. போன வருஷம் வந்தவங்க எல்லாரும் சின்ன வயசுலேர்ந்தே இதுதான் என் கனவு, லட்சியம்னு மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிச்சாங்களாம். அந்த மேடம் பாதியிலயே போதும்னுட்டாங்களாம். அதான் பயமா இருக்கு. நீங்க சொல்லிக் குடுங்களேன். உங்களுக்குத்தான் வார்த்தை வரும்.”

நான் பேனாவை மூடி வைத்தேன். அவளே தொடர்ந்தாள்.

“அன்னிக்குத் துணி மடிக்கும்போது உங்ககிட்ட ஏதோ சொன்னேனே. அது மாதிரி சொன்னா சரியா இருக்குமா?”

இங்கே நான் கொஞ்சம் நிறுத்துகிறேன். அவள் வாசலில் நிற்கிறாள். கையில் ஈரம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள். அந்த மேடத்துக்கு என்ன பிடிக்காது என்று அவளே என்னிடம் சொல்லிவிட்டாள். எது வெல்லும் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

“அது வீட்டுப் பேச்சு,” என்றேன். “ஆபீஸ்ல எடுபடாது. நான் ஒண்ணு சொல்றேன், அத அப்படியே பழகிக்கோ.”

சொல்லிக் கொடுத்தேன். ‘சிறு வயது முதலே விண்ணை நோக்கிய என் பார்வை, உழைப்பின் உச்சத்தைத் தொட வேண்டும் என்ற லட்சியக் கனவாக மலர்ந்தது.’ இதற்குமேலும் இரண்டு வரி இருக்கிறது. எழுத வெட்கமாக இருக்கிறது. அந்த மேடம் பாதியிலேயே நிறுத்திவிடும் ரகத்தில், தெரிந்தே, யோசித்துச் செய்தேன். மெத்தைக் கம்பெனிகூட அதை வாங்காது.

அவள் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னாள். “எவ்ளோ அழகா இருக்குக்கா,” என்றாள்.

அவளிடமிருந்து நல்லதை எடுத்துக்கொண்டு என்னிடமிருந்த மட்டமானதைக் கொடுத்தேன். அவள் அதற்கு நன்றி சொல்லிவிட்டு மீதிப் பாத்திரத்தைக் கழுவப் போனாள். திருட்டு என்று நான் சொன்னது இதைத்தான்.

7

அவள் கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. அதற்குள் நான் இதை எழுதி முடித்துவிட்டால் வாக்கியம் முதலில் எழுதியவளுக்குச் சொந்தம். அதற்காகத்தான் இந்த அவசரம். கடைசி வரி தயாராக இருக்கிறது, அதற்கு முன்னால் ஒரு முடிவு வேண்டும். மூன்று எழுதினேன்.

முதல் முடிவு. அவள் ஒப்பிக்கிறாள். மேடம் போதும் என்கிறார். ஃபிட்டர் மகன் தேர்வாகிறான். அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே “பரவால்லக்கா” என்கிறாள். நான் டீ போட்டுக் கொடுக்கிறேன். பூட்டு பழைய இடத்துக்குப் போகிறது, ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அமைதியாகிறது. கடைசியில், அவள் அன்று சொன்ன அந்த வாக்கியம். கச்சிதமான கதை. படிக்கிறவர்கள் கண்கலங்குவார்கள். இதை எழுதும்போது என் கை ஓடிய வேகத்தை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

இரண்டாவது முடிவு. அவள் நான் கொடுத்ததையே ஒப்பிக்கிறாள், ஏனோ தேர்வாகிவிடுகிறாள். வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களாலதான்க்கா,” என்கிறாள். ஒவ்வொரு நல்ல நாளிலும், ஒவ்வொரு விருந்தாளி முன்னாலும் அதையே சொல்லப் போகிறாள். சாகும்வரை நான் தலையாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மூன்றிலும் இதுதான் கொடூரம். பாதியில் நிறுத்திவிட்டேன்.

மூன்றாவது முடிவு. நான் ஓடிப்போய் உண்மையைச் சொல்கிறேன், அவள் என்னைக் கட்டிக்கொள்கிறாள், இரண்டு பேரும் அழுகிறோம், பொறாமை கரைந்து

கரையாது. இதற்கெல்லாம் கரைகிற சரக்கில்லை அது. இந்த முடிவை மெத்தைக்கு வைத்துக்கொள்ளலாம்.

முதல் முடிவுதான் என்று தீர்மானித்தேன். கடைசி வரியை எழுதப்

8

கதவைத் தட்டினாள். அதனால்தான் மேலே அந்த வாக்கியம் அப்படி நிற்கிறது.

தேய்த்த சட்டை, வாரிக் கட்டிய தலை. காலரின் ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது. நான் சொல்லவில்லை.

“கடைசியா ஒரு தடவ சொல்லிப் பாக்கட்டுமாக்கா?”

“சொல்லு.”

கையைக் கட்டிக்கொண்டு நின்று ஒப்பித்தாள். விண்ணை நோக்கிய என் பார்வை. உழைப்பின் உச்சம். லட்சியக் கனவாக மலர்ந்தது. ஒரு சொல்லும் பிசகவில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று நான் காட்டினேனோ அங்கேயே நிறுத்தினாள். பூட்டைப் பார்த்துச் சிரித்தவளின் முகம் இதில் எங்கேயும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை முகம்.

“நல்லா இருக்கு,” என்றேன்.

“உங்கள நெனச்சா பொறாமையா இருக்கும்க்கா எனக்கு,” என்றாள் சிரித்துக்கொண்டே. “ஒண்ண நெனச்சா இப்படிச் சொல்ல வருது உங்களுக்கு. இத யார் எழுதிக் குடுத்தாங்கன்னு அந்த மேடம் கேட்டா சொல்லிடுவேன். எங்க அக்கா, பெரிய எழுத்தாளர்னு.”

போய்விட்டாள். ஹாலில் மாமியாரிடம் சொல்லிக்கொள்கிற குரல் கேட்டது. கொழுந்தன் கீழே பைக்கை எடுக்கப் போயிருந்தான்.

நான் இங்கே உட்கார்ந்திருந்தேன். என் மனம் இளகியது என்று நினைக்காதீர்கள். எனக்கு வந்தது கோபம். நான் யாரைப் பார்த்துப் புழுங்கிக்கொண்டிருக்கிறேனோ, அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள். எதற்காக? என் நாவலுக்காக இல்லை, அப்படி ஒன்று இல்லை. நான் எழுதியதிலேயே கேவலமான இரண்டு மூன்று வரிக்காக. அதைக் கொண்டுபோய், விஷயம் தெரிந்த ஒரு பெண்மணியின் முன்னால் வைத்து, என் பெயரையும் சொல்லப் போகிறாள். ஒருத்தி என்னைப் பார்த்துப் பொறாமைப்படுவதாக இருந்தால் பெறுமானம் உள்ள எதையாவது பார்த்துப் பொறாமைப்பட்டுத் தொலைக்கட்டும்.

அந்த வீம்பில்தான் எழுந்தேன். அன்பில் இல்லை. பதிவுக்காகச் சொல்கிறேன்.

செருப்புப் போடாமல் வெளியே வந்தபோது அவள் லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டு நின்றிருந்தாள்.

“நான் சொல்லிக் குடுத்தத சொல்லாத,” என்றேன்.

“ஏன்க்கா? நல்லா மனப்பாடம் ஆயிடுச்சே.”

“அது நல்லா இல்ல.”

“இப்பதானே நல்லா இருக்குன்னீங்க?”

“இப்ப சொல்றேன், நல்லா இல்ல. அன்னிக்குத் துணி மடிக்கும்போது ஒண்ணு சொன்னியே. அத சொல்லு.”

அவள் யோசித்தாள். நெற்றி சுருங்கியது. லிஃப்ட் கீழேயிருந்து கிளம்புகிற சத்தம் கேட்டது.

“என்ன சொன்னேன்?”

“விரிப்பு மடிச்சோமே, அன்னிக்கு.”

“மடிச்சது ஞாபகம் இருக்கு. என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்லயேக்கா. நீங்கதான் அது வீட்டுப் பேச்சுன்னு சொன்னீங்க. விட்டுட்டேன்.” என் முகத்தையே பார்த்தாள். “நீங்க சொல்லுங்க. என்ன சொன்னேன் நான்?”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எந்த முடிவிலும் இது இல்லை. பறிகொடுத்தவளுக்கே பறிபோனது என்னவென்று தெரியவில்லை. உலகத்தில் அந்த வாக்கியம் இப்போது என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. நான் வாயைத் திறக்காவிட்டால் அது திருட்டுகூட இல்லை. ‘எனக்கும் மறந்துபோச்சு’ என்று ஒரு வார்த்தை போதும். அவள் நம்பிவிடுவாள். என்னை எப்போதும் நம்புகிறவள். உள்ளே மேசையில் காகிதம் விரித்தபடியே இருக்கிறது, கடைசி வரிக்கு மட்டும் இடம் விட்டு.

லிஃப்ட் வந்து நின்றது. அவள் கதவைத் திறந்து, உள்ளே ஒரு கால் வைத்து, போகாமல் நின்றாள்.

“அக்கா, நேரமாச்சு. சொல்லுங்க.”

9

திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறேன். சொன்னாயா என்று கேட்பீர்கள். சொன்னேன் என்று நான் எழுதினால் நீங்கள் ஏன் நம்ப வேண்டும்? ஏணியிலிருந்து அவளைத் தள்ளிவிட்ட கை இது. அதனால் என் வார்த்தையை எடுத்துக்கொள்ள வேண்டாம். என் குணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வாக்கியம் இன்னும் என்னுடையதாக இருந்தால், அதை எழுதாமல் சும்மா இருக்கக்கூடியவள் இல்லை நான். இந்தக் கதையின் கடைசி வரியாக அது இருக்கும். இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் தேர்வானாளா என்பது மதியம் தெரிந்துவிடும். அதை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் ஒன்று அவளை வீழ்த்துவேன், இல்லையென்றால் நல்ல பெயர் வாங்க அவளை ஜெயிக்க வைப்பேன். இரண்டுக்கும் எனக்கு யோக்கியதை இல்லை. நீங்கள் அவளைப் பார்த்ததில்லை, அவள்மீது உங்களுக்கு எந்தப் புகைச்சலும் இல்லை. அந்த மேடத்தின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். எதிரில் வந்து நிற்பாள். ஏன் வேண்டும் என்று கேளுங்கள். மற்றதை உங்களிடமே விடுகிறேன்.

ஒன்று மட்டும் ஒளிக்காமல் சொல்கிறேன். அவள் ஜெயிக்க வேண்டும் என்று நான் இன்னும் வேண்டிக்கொள்ளவில்லை. முயன்று பார்த்தேன், வரவில்லை. வயிறு முன்னைவிட அதிகமாக எரிகிறது. மேசைமேல் கடைசி வரிக்கு விட்ட இடம் அப்படியே இருக்கிறது. வேறு வழியில்லாமல் நடந்ததையே எழுதுகிறேன்.

லிஃப்ட் கதவு மூடும்போது அவள் அதை எனக்குக் கேட்கும்படி ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்; நான் சொன்னதைவிட நன்றாக இருந்தது.